ஆறு மசாலா போட்ட கருப்பு பெல்ஜியன் ஏல்: கௌடன் கரோலஸ் கிறிஸ்மஸ் குடித்தவர்கள் வாருங்கள்

#1 கருங்கோப்பை

பெல்ஜியத்தின் மெக்கலன் நகரத்தில் உள்ள ஹெட் ஆங்கர் ஆலை வருடத்துக்கு ஒருமுறை விடும் கௌடன் கரோலஸ் கிறிஸ்மஸ் என்ற ஏல் (மிதமான சூட்டில் நொதிக்க வைக்கும் பீர் வகை) இங்கே கடைக்கு வந்துவிட்டது. 10.5 சதவீதம் ஆல்கஹால். மூன்று வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), ஆறு வகை மூலிகை மற்றும் மசாலா. ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சி, சில மாதம் சும்மா கிடக்க விட்டு, குளிர் தொடங்கும்போதுதான் வெளியே விடுகிறார்கள். அந்த ஆறு எவை என்று சொல்வதில்லை.

ஊற்றினால் குவளையில் கருப்பாகத்தான் நிற்கும், விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே அடர்ந்த சிவப்பு தெரியும். நுரை இளம்பழுப்பு, முதலில் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி, பிறகு ஓரத்தில் ஒரு வளையமாக நின்றுவிடுகிறது. மூக்கில் முதலில் வருவது அதிமதுரம். அதற்குப் பின்னால் சோம்பா அன்னாசிப்பூவா என்று பிரிக்க முடியாத ஒரு வாசனை, அதற்கும் பின்னால் உலர்ந்த திராட்சை, கொஞ்சம் அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல். வாயில் வைத்தால் இனிப்பு, ஆனால் திகட்டுகிற இனிப்பு இல்லை, நடுவில் கருகிய சர்க்கரையின் ஒரு லேசான கசப்பு வந்து அதைக் கட்டிப் போடுகிறது, விழுங்கிய பிறகு தொண்டையில் சூடு, நாக்கின் பின்பக்கம் மறுபடி அதிமதுரம். அது போகவே போகாது, அடுத்த வாய் குடிக்கும் வரை உட்கார்ந்திருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள். சில்லென்று இருக்கும்போது வெறும் சோம்புத் தண்ணீரில் ஆல்கஹால் கலந்ததுபோல இருக்கிறது, மால்ட் (பீருக்கு அடிப்படையான முளைகட்டிய தானியம்) எங்கே போயிற்று என்றே தெரியாது. பன்னிரண்டு டிகிரி வாக்கில் வந்ததும்தான் பழங்கள் வெளியே வருகின்றன. பாட்டிலை எடுத்து வைத்துவிட்டுச் சமையல் வேலை ஏதாவது பார்த்துவிட்டு வந்து திறந்தால் சரியாக இருக்கும்.

சரி, என் கருத்து. மசாலா போட்ட ஏலைக் குடிக்கிறவன் "இதில் இன்னது போட்டிருக்கிறார்கள்" என்று பெயர் சொல்லிவிட முடிந்தால் காய்ச்சியவர் தோற்றுவிட்டார் என்றே நினைக்கிறேன். இந்த பீரில் அதிமதுரம் தவிர மற்ற ஐந்தையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் பிடித்திருக்கிறது. அந்த ஒன்றையும் மறைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

#2 தாடிக்குள்ளன்

இழை திறந்ததற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மசாலாவைப் போட்டுவிட்டு அதை மறைப்பதற்கு எதற்கு மசாலா? நைஸ் ஷூஃப் குடித்துப் பாருங்கள். ஆர்டென் காட்டுக்குள் ஆஷூஃப் என்ற சின்ன ஊர், 1982இல் பியர் கோப்ரோன், கிறிஸ் பவ்வெரார்ட்ஸ் என்று இரண்டு மைத்துனர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்த ஆலை, 2006இல் டுவெல் மூர்ட்காட் நிறுவனம் வாங்கிவிட்டது. அவர்களுடைய குளிர்கால பீர்தான் இது, அதுவும் கருப்பு, 10 சதவீதம். தைம் என்ற மூலிகை, குராசோ என்ற கசப்பு ஆரஞ்சின் தோல் என்று வெளிப்படையாகவே சொல்லி விற்கிறார்கள். குடித்தால் தைம் தெரிகிறது, தோல் தெரிகிறது. சொன்னதைச் செய்திருக்கிறார்கள். இதில் தோல்வி எங்கே வந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஆட்கள் நைஸ் ஷூஃப் குடித்ததும் முகம் மாறும், "இது எங்கேயோ தெரிந்த வாசனை" என்பார்கள். காரணம் எளிது, தைமில் இருக்கிற தைமால் என்ற வாசனைப் பொருள்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. ஓமத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த பீர் இரண்டாவது வாயிலேயே பிடிபட்டுவிடும்.

#3 ஈஸ்ட்மாமா

இரண்டு பேருமே மசாலாவுக்குப் புகழைக் கொடுத்துவிட்டு ஈஸ்ட்டை அம்போவென்று விட்டுவிட்டீர்களே.

பெல்ஜியன் ஏல் ஈஸ்ட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மால்ட்டில் இருக்கிற ஃபெரூலிக் அமிலத்தை 4-வைனைல்குவாயகால் என்ற பொருளாக மாற்றும். அதன் வாசனை கிட்டத்தட்ட கிராம்பு. நிஜக் கிராம்பின் வாசனை யூஜெனால் என்ற வேறு பொருளிலிருந்து வருகிறது, ஆனால் மூக்குக்கு இரண்டும் பக்கத்து வீடு. இதோடு அதே ஈஸ்ட் எஸ்டர்களையும் தயாரிக்கும், வாழைப்பழம், பேரிக்காய் வாசனை எல்லாம் அங்கிருந்துதான். நொதிக்கும் சூடு ஏற ஏற எஸ்டர் கூடும்.

ஆதாரம் வேண்டுமா? ஜெர்மனியின் பவேரியாவுக்கு வாருங்கள். நான் இருக்கும் இந்த ஊரில் கோதுமை பீர் குடித்தால் கிராம்பும் வாழைப்பழமும் மூக்கைத் துளைக்கும். இங்கே பீரில் மசாலா போட்டால் அதை பீர் என்று விற்க முடியாது, 1516இல் போட்ட தூய்மைச் சட்டத்தின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு கிராம்புகூடப் போடாமல் கிராம்பு வாசனை. அத்தனையும் ஈஸ்ட்டின் வேலை.

பெல்ஜியத்திலேயே வேண்டுமென்றால் வெஸ்ட்மாலே டுப்பல். டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து பீர், 7 சதவீதம், கருஞ்சிவப்பு, மசாலாவே கிடையாது. அதை ஊற்றி யாரிடமாவது கொடுத்து "இதில் என்னென்ன மசாலா?" என்று கேளுங்கள். மூன்று பெயராவது சொல்வார்கள். அதனால் கருங்கோப்பை சொல்லும் "பிரிக்க முடியாத வாசனை"யில் பாதி ஆலைக்காரரின் மசாலா டப்பாவிலிருந்து வந்ததே இல்லை என்பது என் கட்சி.

அந்த உலர்ந்த திராட்சையும் அத்திப்பழமும்கூட அப்படித்தான். பழம் எதுவும் உள்ளே போகவில்லை. கருப்பு பெல்ஜியன் ஏல்களில் நிறமும் அந்தப் பழச்சுவையும் பெரும்பாலும் கேண்டி சிரப் தருவது. பீட்ரூட் சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கி எடுக்கிற பாகு. சர்க்கரை முழுக்க நொதித்துப் போய்விடுவதால் 10 சதவீதத்திலும் பீர் கனமாகாமல் இலகுவாக இறங்குகிறது. வெறும் மால்ட்டை வைத்து இதே ஆல்கஹாலுக்குப் போனால் கஞ்சி மாதிரி ஆகியிருக்கும்.

#4 இனிப்புஎதிரி

எனக்குப் பிடிக்கவில்லை. இருமல் மருந்து. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

#5 கருங்கோப்பை

இனிப்புஎதிரி, எந்தச் சூட்டில் குடித்தீர்கள், எந்தக் குவளையில்? சும்மா கேட்கவில்லை. வாய் குறுகிய குவளையில் வாசனை ஒரே இடத்தில் குவிந்து அதிமதுரம் அடிக்கும். இந்த பீருக்கு அகன்ற கிண்ணக் குவளைதான் நல்லது.

மாமா, வெஸ்ட்மாலே கதை சரிதான். ஆனால் வெஸ்ட்மாலே டுப்பலில் அதிமதுரம் வராது, சோம்பு வராது. ஈஸ்ட் கிராம்பைக் கொடுக்கும், மிளகுக் காரத்தைக் கொடுக்கும், அதோடு அதன் வித்தை முடிந்தது. கரோலஸ் கிறிஸ்மஸின் அடையாளமே அந்தச் சோம்புப் பக்கம்தான், அது டப்பாவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

#6 இனிப்புஎதிரி

ஒயின் குவளை. ரொம்பச் சில்லென்றும் இல்லை. அதிமதுரம் போட்டால் இருமல் மருந்து வாசனைதான் வரும் அண்ணே, இருமல் மருந்திலேயே அதைத்தானே போடுகிறார்கள். குவளையை மாற்றினால் மருந்து மாறாது.

#7 துறைமுகத்தான்

வணக்கம். நான் அன்ட்வெர்ப்பில இருக்கிறன், கொஞ்சம் பிந்தி வந்திட்டன் இந்த இழைக்கு.

கிறிஸ்மஸ் பியர் எண்டால் மசாலா பியர் எண்டு ஒரு எண்ணம் எல்லாரிட்டயும் இருக்கு, அதை முதல்ல கழட்டி வைக்கவேணும். டுபுய்ஸோன் ஆலையின் புஷ் த நோயெல் 12 சதவீதம், அதில மால்ட்டும் ஹாப்ஸும்தான். எசன் எண்ட ஊரில டி டொலெ ஆலை காய்ச்சுற ஸ்டிலெ நாக்ட்டும் 12, அதுவும் அப்படித்தான், நிறம்கூடக் கருப்பு இல்லை. ஷிமே நீலம் எண்ட மடத்துப் பியர் இப்ப வருசம் முழுக்கக் கிடைக்குது, ஆனா அது 1948இல கிறிஸ்மஸ் பியராத்தான் பிறந்தது. அப்ப இங்க கிறிஸ்மஸ் பியர் எண்டால் என்ன? ஆலைக்காரர் அந்த வருசம் தன்ர வாடிக்கைக்காரருக்குக் கொஞ்சம் கனதியாக் காய்ச்சிக் குடுக்கிறது, அவ்வளவுதான். மசாலா போடுறது போடாதது அவரவர் விருப்பம்.

டிசம்பரில நெதர்லாந்து எல்லைக்குக் கிட்ட எசன் எண்டு இன்னொரு ஊர் (டி டொலெ இருக்கிற எசன் வேற, இது வேற, குழம்பாதையுங்கோ), அங்க கிறிஸ்மஸ் பியருக்கெண்டே ஒரு விழா நடக்கும். சின்னச் சின்னக் குவளையில நூற்றுக்கு மேல வகை. ஒருக்கா போய் வரிசையாக் குடிச்சுப் பாத்தால் மசாலா பியர் எது, ஈஸ்ட் பியர் எது எண்டு நாக்கு தானாப் பிரிக்கத் தொடங்கும். ரயிலில போங்கோ.

#8 கத்துக்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். ஜெர்மன்காரர்கள் மசாலா கூடாது என்கிறார்கள், பக்கத்து நாட்டில் ஆறு மசாலா போடுகிறார்கள். பெல்ஜியத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பழக்கம்? அப்புறம் 10 சதவீதம் என்பதெல்லாம் பீருக்குக் கொஞ்சம் அதிகம் இல்லையா?

#9 கருங்கோப்பை

நல்ல கேள்வி, சிரிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து பீரில் குருயிட் என்ற மூலிகைக் கலவைதான் போட்டார்கள். சதுப்பு நிலத்தில் வளரும் காட்டு மிர்ட்டில் செடி, 'யாரோ' (yarrow) என்ற பெயருள்ள மூலிகை, இன்னும் என்னென்னவோ, ஊருக்கு ஊர் மாறும். அதை விற்கும் உரிமை சில குடும்பங்கள் கையில் இருந்தது, அதில் வரி, அதில் காசு. புரூஜ் நகரத்தில் குருட்ஹூஸ் என்ற மாளிகை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறதே, அந்தக் குடும்பம் இந்த மூலிகை உரிமையில் கொழித்த குடும்பம்தான். புரூஜுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அது பீர்க் காசில் கட்டிய வீடு என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

பிறகு ஹாப்ஸ் வந்தது, பீர் கெடாமல் இருக்க அது நன்றாக உதவியதால் மற்ற மூலிகைகள் ஒதுங்கின. ஆனால் பவேரியாவில் 1516இல் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று எழுதி வைத்தமாதிரி இங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. தடை இல்லாத இடத்தில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போகவே இல்லை. ஹூகார்டன் ஊரில் கடைசி வெள்ளை பீர் ஆலை மூடிய பிறகு பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966இல் அதைத் திரும்பக் காய்ச்ச ஆரம்பித்தார், அதில் இருந்தது அதே கொத்தமல்லியும் தோலும்தான். ரோஷ்ஃபோர் மடத்துத் துறவிகளும் கொஞ்சம் கொத்தமல்லி போடுகிறார்கள், அவர்களுடைய 10 எண் பீர் 11.3 சதவீதம், கருப்பு, ஆனால் குடிக்கிற யாருக்கும் மசாலா பீர் என்று தோன்றாது. (தாடிக்குள்ளன் கவனிக்க.)

ஆல்கஹால் ஏன் அதிகம் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் ஒரு சட்டம். 1919இல் வண்டர்வெல்ட் சட்டம் என்று வந்தது, அதன்படி மதுக்கடையில் உட்கார்ந்து ஜெனிவர் போன்ற சாராய வகைகளைக் குடிக்க முடியாது. குளிரில் வேலை முடித்து வந்தவனுக்குச் சூடு வேண்டும், அது பீரில் கிடைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் சட்டம் 1983 வரை இருந்தது. பீரின் பலம் ஏறியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு முன்பும் கனமான பீர்கள் இருந்தன, ஆனால் பெரிய தள்ளு இதுதான்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். 33 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்று 10.5 சதவீதத்தில் சாதாரண லாகர் (5 சதவீத வாக்கில் இருக்கும் வழக்கமான பீர்) இரண்டு பாட்டிலுக்குச் சமம். குடிக்கும்போது அது தெரியவே தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

#10 தாடிக்குள்ளன்

கவனித்தேன், கவனித்தேன். ரோஷ்ஃபோரில் மசாலா தெரியவில்லை என்றால் அதை மசாலா பீர் என்று யாரும் விற்கவும் இல்லையே. உப்புப் போட்ட எல்லாவற்றையும் ஊறுகாய் என்று சொல்வதில்லை.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பாட்டிலின் மேல் ஆறு மசாலா என்று எண்ணிக்கை போட்டு ஆசை காட்டுவது, உள்ளே அது என்ன என்று கேட்டால் வாயைத் திறக்காமல் இருப்பது, குடிப்பவன் கண்டுபிடித்தால் ஆலைக்குத் தோல்வி என்பது. இது எந்த ஊர் நியாயம்?

#11 துறைமுகத்தான்

தாடிக்குள்ளன் சொல்லுறதில ஒரு ஞாயம் இருக்கு. ஆனா எண்ணிக்கை போடுறது ஹெட் ஆங்கர்காரருக்குப் புதுசில்லை, அவையள் முழுக்கக் கதைக்காரர். ஆலை நிக்கிற இடம் மெக்கலனின் பெரிய பெகின்ஹோஃப், பெகின் பெண்கள் (துறவறம் எடுக்காமல் சேர்ந்து வாழ்ந்த பக்திப் பெண்கள்) இருந்த பகுதி. 1471இல சார்லஸ் த போல்ட் அந்தப் பெண்களின்ர பியருக்கு வரி விலக்குக் குடுத்தார் எண்டதிலயிருந்து தங்கட சரித்திரத்தை ஆரம்பிக்கினம். இப்ப இருக்கிற வான் பிரீடம் குடும்பம் வாங்கினது 1872இல. பியரின்ர பேர் ஐந்தாம் சார்லஸ் பேரரசரின்ர தங்கக் காசு. அந்தப் பேரரசர் 1500 பெப்ரவரி 24 கெண்டில பிறந்தவர், வளர்ந்தது மெக்கலனில. அவரின்ர பிறந்தநாளுக்கு வருசா வருசம் அதே நாளில தனியா ஒரு பியர் காய்ச்சுறவை, குவே வன் டி கைசர், கருப்பு, 11 சதவீதம்.

என்னைக் கேட்டால் அந்த பேரரசர் பியர்தான் இவையின்ர உண்மையான கெட்டித்தனம். கிறிஸ்மஸ் பியரில பெருஞ்சீரக வாசம் எனக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. அதில இருக்கிற மால்ட் நல்ல மால்ட், அதுக்கு மேல போர்வை போட்டு மூடினமாதிரி.

#12 ஈஸ்ட்மாமா

வீட்டில் காய்ச்சுகிறவன் என்ற முறையில் தாடிக்குள்ளனுக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மசாலாவைக் "காட்டுவது" மறைப்பதைவிட ரொம்ப எளிது.

கொத்தமல்லி விதையை இடித்து, கொதி முடிய ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், துவர்ப்பு மட்டும் தங்கும். கொத்தமல்லியின் முக்கிய வாசனை லினலூல், அது ஹாப்ஸிலும் இருக்கிறது. அதனால் கொத்தமல்லி பீருக்குள் சத்தமில்லாமல் கலந்துவிடும், குடிக்கிறவன் அதை ஹாப்ஸ் என்றோ எலுமிச்சை என்றோ நினைப்பான். அன்னாசிப்பூ அப்படி அல்ல. அதன் அனெத்தோல் மூர்க்கமானது, சோம்பிலும் அதேதான் இருக்கிறது, அதனால்தான் கருங்கோப்பையால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. யாராலும் மூக்கை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். ஒரு தடவை காய்ச்சும்போது ஒரு பூ கூடிப்போனால் மொத்த பீரும் அதன் பெயரில் பட்டா ஆகிவிடும். எண்ணெய் அதிகமானால் நுரையும் படுத்துவிடும். முதல் பதிவில் நுரை சீக்கிரம் வளையமாகிவிட்டது என்று எழுதியிருந்தாரே, 10.5 சதவீத ஆல்கஹாலும் காரணம், இதுவும் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

அதிமதுரம் இன்னொரு ரகம். அதன் இனிப்பு கிளிசிரைசினிலிருந்து வருகிறது, சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு, ஈஸ்ட் அதைத் தின்னாது. எவ்வளவு நாள் நொதித்தாலும் அப்படியே நிற்கும். இனிப்புஎதிரிக்குத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது அதுதான்.

கொத்தமல்லி என்றதும் ஞாபகம் வந்தது, நம்மூர்க் கொத்தமல்லி விதை நீளவாக்கில் முட்டை வடிவத்தில் இருக்கும், மொராக்கோ விதை சின்ன உருண்டை. வீட்டில் காய்ச்சும் அமெரிக்கர்கள் பலர் இந்தியக் கடையில் போய் நம்முடையதைத்தான் தேடி வாங்குகிறார்கள், எலுமிச்சை வாசனை கூடுதல் என்று. மற்றது சிலசமயம் காய்கறி வாசனை அடிக்கிறதாம். நானும் இந்தியக் கடைதான், ஆனால் அது விலை குறைவு என்பதற்காக.

#13 கத்துக்குட்டி

மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பாட்டிலின் அடியில் மண்டி நிற்கிறதே, அதைச் சேர்த்து ஊற்றுவதா, விட்டுவிடுவதா?

#14 துறைமுகத்தான்

அது ஈஸ்ட், போத்தலுக்குள்ள இரண்டாம் தரம் நொதிக்கிறதால வாறது. கெடுதல் ஒண்டும் இல்லை. நான் ஒரே ஊத்தில முக்கால்வாசியை மெதுவா ஊத்திப்போட்டு, மிச்சத்தைச் சின்னக் குவளையில தனியா வைச்சுக் குடிப்பன். மண்டியோட குடிச்சால் பாண் வாசம் கூடும், மசாலா மங்கும். போத்தலைக் குலுக்காதையுங்கோ, படுக்க வையாதையுங்கோ, நிமித்தி வையுங்கோ.

#15 சேமிப்பாளன்

இத்தனை பதிவிலும் யாரும் பழைய பாட்டில் பற்றிப் பேசவில்லை. இந்த பீரை வாங்கிய வருடத்திலேயே குடிப்பது பாதிக் கதைதான்.

என் அனுபவத்தில் முதலில் போவது ஆரஞ்சுத் தோல். அப்புறம் சோம்பு தாழ்கிறது. அதிமதுரம் கடைசிவரை நிற்கும், ஆனால் மற்றதெல்லாம் தணிந்த பிறகு அது மருந்து வாசனையிலிருந்து இறங்கி, கருகிய சர்க்கரையோடு சேர்ந்து உருண்டையாகிவிடுகிறது. காற்று மெல்ல மெல்ல வேலை செய்து ஷெர்ரி, போர்ட் ஒயின் பக்கம் கொண்டுபோகும். இருட்டு, சீரான குளிர், நிமிர்ந்த பாட்டில், இந்த மூன்றும் இருந்தால் போதும். சமையலறை அலமாரியில் வைத்தால் ஷெர்ரி வராது, நனைந்த அட்டைப்பெட்டி வாசனைதான் வரும். அன்ட்வெர்ப்பில் குல்மினேட்டர் என்ற கடை வருடவாரியான பழைய பாட்டில்களுக்கென்றே பேர் வாங்கியது, துறைமுகத்தானுக்குத் தெரிந்திருக்கும்.

வைத்துக் குடிக்கிற மசாலா ஏல் என்றால் எனக்குப் பன்னேபோட்தான் முதலிடம். ஊஸ்ட்வ்ளெட்டரனில் இருக்கும் டி ஸ்ட்ரூய்ஸ ஆலைக்காரர்களுடையது, கருப்பு, 10 சதவீதம், டி பன்னே கடற்கரையின் மீன்பிடிப் படகுகளின் பெயர். லேபிளிலேயே வருடம் போட்டுத் தருகிறார்கள். அதில் மசாலா இருக்கிறது, ஆனால் புதிதாகத் திறந்தாலும் கோகோவும் உலர்பழமும்தான் முன்னால் நிற்கும். கருங்கோப்பை தேடுகிற "பெயர் சொல்ல முடியாத மசாலா" அங்கேதான் இருக்கிறது, மெக்கலனில் அல்ல.

#16 கருங்கோப்பை

பன்னேபோட்டில் உங்களோடு சேர்கிறேன், ஆனால் கரோலஸைக் கீழே இறக்கத் தயாராக இல்லை. பன்னேபோட் எல்லாக் கடையிலும் இருக்காது, கிடைத்தாலும் விலையைப் பார்த்து யோசிக்க வேண்டும். கரோலஸ் கிறிஸ்மஸ் சீசனில் சூப்பர்மார்க்கெட்டிலேயே நிற்கிறது.

தாடிக்குள்ளன், உங்கள் நியாயத்துக்கு வருகிறேன். நைஸ் ஷூஃபில் தைம் முன்னால் நிற்பது எனக்குப் பிரச்சினை இல்லை, தைமுக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் அரைக் குவளை பிரமாதம், அடுத்த அரைக் குவளையிலும் அதே தைம். கரோலஸில் சூடு ஏற ஏற ஒன்று போய் ஒன்று வருகிறது. மறைப்பது என்று நான் சொன்னது இதைத்தான். மசாலா முகத்தில் வந்து நின்றுவிட்டால் மால்ட் பேசவே முடியாது.

#17 தாடிக்குள்ளன்

அதிமதுரம் "அடுத்த வாய் குடிக்கும் வரை உட்கார்ந்திருக்கும்" என்று எழுதியது நீங்கள்தானே அண்ணே. அது பேச விடுகிறதா மால்ட்டை?

சரி, சண்டையை விடுகிறேன். மூலிகை விஷயத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். கெண்டில் 2009இல் ஆரம்பித்த குருட் ஆலையின் புருயின் என்ற பழுப்பு பீர் குடித்திருக்கிறீர்களா? அன்னிக் டி ஸ்ப்ளென்டர் என்ற பெண்மணி ஆரம்பித்தது, ஹாப்ஸை ஓரங்கட்டிவிட்டு மூலிகைக் கலவையை முன்னால் வைக்கிறார்கள், இந்த பழுப்பு 8 சதவீதம். ஹாப்ஸின் கசப்பு இல்லாத இடத்தை மூலிகை எப்படி நிரப்புகிறது என்று பார்க்க அது நல்ல பாடம். கொஞ்சம் கொட்டைப்பருப்புச் சுவை, இனிப்புப் பக்கம் சாய்கிறது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய குருயிட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதைக் குடிக்காமல் இருப்பது சரியில்லை.

#18 ஈஸ்ட்மாமா

நானும் என் அறைத்தோழரும் இந்த வாரம் ஒரு சோதனை செய்தோம். வெஸ்ட்மாலே டுப்பல், கரோலஸ் கிறிஸ்மஸ், நைஸ் ஷூஃப் மூன்றும் ஒரே மாதிரிக் குவளையில், எது எதுவென்று ஊற்றியவருக்கு மட்டும் தெரியும், குடித்தவர்களுக்குத் தெரியாது. குடித்த நாலு பேரில் பெல்ஜியன் பீர் பழக்கமுள்ளவர் ஒருவர்தான்.

நைஸ் ஷூஃபை எல்லோரும் மசாலா பீர் என்று உடனே சொன்னார்கள், அதில் ஒருவர் "ஓமம்" என்றே சொன்னார், தாடிக்குள்ளனுக்கு ஒரு மதிப்பெண். கரோலஸை "இனிப்பு, கருப்பட்டி வாசனை, ஏதோ சோம்பு" என்றார்கள், அதிமதுரம் என்று ஒருவர்கூடப் பெயர் சொல்லவில்லை, ஆகவே கருங்கோப்பைக்கும் ஒரு மதிப்பெண். வெஸ்ட்மாலேவில் கிராம்பு போட்டிருக்கிறார்கள் என்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். அது எனக்கு.

#19 இனிப்புஎதிரி

மூன்றில் எது முதலில் காலியானது?

#20 ஈஸ்ட்மாமா

வெஸ்ட்மாலே.

#21 இனிப்புஎதிரி

😀 அவ்வளவுதான் கேட்க வந்தேன்.

#22 கருங்கோப்பை

7 சதவீத பீரையும் 10.5 சதவீத பீரையும் பக்கத்தில் வைத்தால் 7தான் முதலில் காலியாகும். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

#23 கத்துக்குட்டி

கடைசியாக ஒன்று. வாங்கிய கரோலஸில் ஒரு பாட்டில் மிச்சம். இதை ஊற்றி மாட்டிறைச்சிக் குழம்பு செய்யலாமா? இங்கே கருப்பு பீரில் ஒரு குழம்பு செய்வார்களே.

#24 துறைமுகத்தான்

ஸ்டோஃவ்லேஸ். செய்யாதையுங்கோ தம்பி, இந்தப் பியரில வேண்டாம். இரண்டு மூண்டு மணித்தியாலம் சட்டியில வத்தும்போது பியரில இருக்கிற எல்லாம் இறுகும், அதிமதுரமும் சேர்ந்து இறுகும், பிறகு சட்டியையே ஒருத்தரும் தொடமாட்டினம். மசாலா இல்லாத பழுப்பு பியர் ஒண்டு வாங்குங்கோ, வெங்காயத்தை நல்லா வதக்கி, இறைச்சியைத் தனியாச் சிவக்க வைச்சு, பியரை ஊத்தி, ஒரு துண்டு பாணில கடுகு பூசி மேல போட்டு மூடிவிடுங்கோ, பாண் கரைஞ்சு குழம்பு தடிக்கும். கறுவா, பிரிஞ்சி இலை வேணுமெண்டால் நீங்களே அளவாப் போடலாம். மிச்ச கரோலஸை நீலப் பாசி படிஞ்ச சீஸோட குடியுங்கோ.

#25 கருங்கோப்பை

சீஸுக்கு என் ஓட்டும். ரோக்ஃபோர் இருந்தால் அது, உப்பும் அதிமதுரமும் ஒத்துப்போகும். ஸ்பெகுலோஸ் பிஸ்கட்டோடு சாப்பிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், மசாலா மேல் மசாலா, இரண்டும் சேர்ந்து வாயை மரத்துப்போக வைத்துவிடும்.